இரண்டு தண்ணீர் வடித்த காய்

கடுகு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில், சமையலறை மேல்தட்டில் இருந்த பருப்பு டப்பாவை எடுக்க அவள் முக்காலி போட்டு ஏறியும் கை எட்டாமல் நின்றபோது, கணவரின் அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னடா தம்பி, பொண்டாட்டி கேட்டா கடுகு மாதிரி ஒண்ணைக் கட்டிட்டு வந்திருக்கே?"

"கடுகு இல்லாம எதைத் தாளிக்கிறது, அக்கா?" என்றார் அவர்.

அன்று ஒட்டிய பெயர். அதன்பிறகு மகனின் பள்ளிக்கூடப் பாரத்தில் எழுதும்போதுதான் அவளுக்கே தன் சொந்தப் பெயர் ஞாபகத்துக்கு வரும்.

அவள் கணவர் எடைமேடையில் குமாஸ்தா. சரக்கு ஏற்றிய லாரி மேடையில் வந்து நிற்கும், எடை போடுவார். இறக்கிவிட்டு வெறும் லாரி வந்து நிற்கும், மறுபடி எடை போடுவார். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சீட்டில் எழுதிக் கிழித்துக் கொடுப்பார். முப்பது வருஷம் இதுதான் வேலை. வீட்டுக்கு வந்தாலும் எடைக்காரப் புத்தி போகாது. "கடுகு, இன்னிக்குப் பொரியல்ல தேங்காய் ஒரு டன் குறையுதே" என்பார். பாயசம் வைத்த நாளில் நாலாவது கிண்ணத்தை நீட்டிக்கொண்டே, "வண்டி இன்னும் லோடு தாங்கும்" என்பார்.

சாப்பாட்டுப் பிரியர் என்று சொன்னால் அது குறைத்துச் சொன்னதாக இருக்கும். காலை பதினோரு மணிக்கு எடைமேடையிலிருந்து தினமும் போன் வரும். "இன்னிக்கு என்ன?" என்று ஒரே கேள்வி. "கத்திரிக்காய் வதக்கல், மிளகு ரசம்" என்று இவள் சொல்வாள். அவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்வார். பக்கத்தில் சீட்டுக்குக் காத்திருக்கும் லாரி டிரைவர்கள் பெருமூச்சு விடுவது போனில் கேட்கும்.

அவள் கையும் அப்படிப்பட்டது. உப்பைக் கரண்டியால் அளந்து போட்டதில்லை. மூன்று விரலால் அள்ளி, கொதி வரும் சமயம் பார்த்துத் தூவுவாள். ருசி பார்த்ததும் இல்லை. மூக்குக்கே தெரியும் என்பாள். புளி கரைத்த தண்ணீரின் பச்சை வாசம் எப்போது போகிறது, பருப்பு எந்த நொடியில் கருகலுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது, கோதுமை அல்வா எந்தக் கிளறலில் சட்டியை விட்டுப் பிரிகிறது என்பதெல்லாம் அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அவள் ரவை உருண்டை பிடிக்கும்போது அவர் அடுப்பங்கரையிலேயே நிற்பார். "தள்ளிப் போய் உட்காருங்களேன், சுடச்சுட வாயில போட்டுக்கிட்டு" என்று விரட்டினாலும் போகமாட்டார். அவர்களுக்குள் பெரிய காதல் பேச்செல்லாம் கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் அவர் தட்டைத் தள்ளும் விதத்திலும், இவள் இன்னொரு கரண்டி போடும் விதத்திலும் அந்தக் குடும்பம் ஓடியது.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயதானபோது கால் வீங்கியது. செருப்பு வார் பதிந்த தடம் சாயங்காலம்வரை பாதத்தில் குழியாக நின்றது. நின்று நின்று வேலை பார்ப்பதால் என்று நினைத்தார்கள். பிறகு முகம் வீங்கியது. பத்து வருஷமாக இருந்த ரத்த அழுத்தத்தை அவர் தூசி மாதிரி தட்டிவிட்டிருந்தார். அது உள்ளே உட்கார்ந்து வேலையைப் பார்த்திருக்கிறது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார் டாக்டர். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ஊசி குத்திப் படுத்து, நாலு மணி நேரம் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்.

அந்த ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லிக்கொடுக்க ஒரு பெண் இருந்தாள். கடுகுக்கு ஒரு மகள் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். அச்சடித்த ஒரு தாளைக் கடுகின் முன்னால் வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டினாள்.

"உப்பு, ஊறுகாய், அப்பளம் கிடையாதும்மா. கீரை, தக்காளி, புளி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், இளநீர், வெல்லம், தேங்காய் கிடையாது. பருப்பு அளவா. ஒரு நாளைக்குத் தண்ணி, காப்பி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து முக்கால் லிட்டர்."

"ரசமும் தண்ணிக் கணக்கா?"

"ரசமும் தண்ணிதானேம்மா?"

கடுகுக்கு ரசம் தண்ணீர் என்று அதுவரை தோன்றியதே இல்லை.

"காயைச் சின்னதா நறுக்கி, நிறைய தண்ணியில ரெண்டு மணி நேரம் ஊற வைங்க. அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க. புதுத் தண்ணியில வேக வச்சு, அதையும் வடிச்சுக் கொட்டிடணும். அதுக்கப்புறம் சமைங்க."

"சத்தெல்லாம் போயிடுமேம்மா?"

"போகணும்னுதாம்மா கொட்டுறோம்."

அவள் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்புக்கு எதிரே சுவரில் ஒட்டினாள். மறுநாள் பீன்ஸை நறுக்கி ஊறப் போட்டாள். இரண்டு மணி நேரம் கழித்துக் கொட்டினாள். வேக வைத்து அந்தப் பச்சைத் தண்ணீரையும் கொட்டினாள். வாழ்நாளெல்லாம் காய் வெந்த தண்ணீரைக் கொட்டாமல் குழம்பில் சேர்த்தவள். கழுவுதொட்டியில் அது ஆவி பறக்க இறங்கிப் போனது. சட்டியில் மிஞ்சியது நனைந்த காகிதம் மாதிரி இருந்தது. எண்ணெய், கடுகு, பச்சை மிளகாய், பூண்டு, இரண்டு சொட்டு எலுமிச்சை என்று தெரிந்த வித்தையெல்லாம் காட்டினாள். வாசனை எழுந்தது. வாயில் வைத்தால் ஒன்றும் இல்லை.

அவர் முதல் கவளத்தை மென்றுவிட்டுச் சொன்னார். "நல்லாத்தான் இருக்கு, கடுகு. பொரியல் குடியிருந்த வீட்டை வாடகைக்கு எடுத்த மாதிரி இருக்கு."

இருவரும் சிரித்தார்கள். முதல் ஆறு மாதம் அப்படித்தான் போனது. கேலி செய்தபடியே சாப்பிட்டார். மருத்துவப் பத்தியம் கொஞ்ச நாளைக்கு என்று மனசுக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்க வேண்டும். பத்தியம் முடியும் நாள் என்று ஒன்று இல்லை என்பது மெதுவாகத்தான் அவருக்கு உறைத்தது. அதற்குப் பிறகு கேலி நின்றது.

கடுகு தனக்கென்று வேறு சமைக்கவில்லை. ஒரே வீட்டில் அவர் மூக்குக்கு எதிரே சாம்பாரைக் கொதிக்கவிட்டு, அவருக்கு மட்டும் வடித்த காயைப் போட அவளால் முடியவில்லை. அவர் சாப்பிட்டதையே அவளும் சாப்பிட்டாள். முதல் மாதம் வாய் வெறிச்சென்று இருந்தது. பிறகு அதுவும் மரத்துப்போனது. உப்பு ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அந்த வீட்டில் அது தட்டுக்கு வந்தது.

இரண்டாம் வருஷம் வேலையை விட்டார். வீட்டில் உட்கார்ந்தார். மாடிப்படி ஓரமாக இருந்த சமையலறை ஜன்னல் வழியாகக் கீழ்வீட்டின் தாளிப்பு மேலே வரும். பதினோரு மணி வாக்கில் அவர் போய் அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இவள் காய் நறுக்கிக்கொண்டே பார்க்காத மாதிரி இருப்பாள்.

"வத்தக்குழம்பு" என்பார் யாரிடமோ சொல்வது போல. இன்னொரு நாள், "அடை வார்க்கிறாங்க. ஓரம் முறுகிடுச்சு" என்பார்.

ஒரு புதன்கிழமை இயந்திரத்திலிருந்து வந்து, முகம் சாம்பல் பூத்துப் போய், சுரைக்காய்க் கூட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். அப்படியே தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தார்.

"இது சோறா, கழுநீரா? மனுஷன் சாப்பிடுறதைப் போடுடீ!"

இத்தனை வருஷத்தில் அவர் அவளை 'டீ' போட்டுப் பேசியது அன்றுதான். அவள் எழுந்து போய்த் துடைப்பத்தை எடுத்து வந்தாள். சுவரில் ஒட்டியிருந்ததைத் துணியால் துடைத்தாள். திரும்பிப் பார்த்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். பெரிய உடம்பு, இப்போது அதில் பாதி போயிருந்தது. மீதிப் பாதி குலுங்கியது.

"ஒரு கரண்டி ரசம் குடு, கடுகு. ஒரே கரண்டி. குடிக்கக்கூட வேணாம். நாக்குல வச்சுக்கிட்டுத் துப்பிடறேன்."

அன்றைய தண்ணீர்க் கணக்கு ஏற்கெனவே முடிந்திருந்தது. வீட்டில் உப்பும் புளியும் இல்லை. "முடியாதுங்க" என்றாள். வேறு என்னவாவது சொல்லியிருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். "முடியாதுங்க" என்று மட்டும்தான் வந்தது.

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. அவளிடம் பேசுவதே குறைந்துபோனது.

அவருடைய அக்காவை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். தாய் செத்தபோது தம்பிக்கு நாலு வயது, அவளுக்குப் பதினாலு. பாவாடை வயதில் அடுப்பு மூட்டி அவனுக்குச் சோறு ஊட்டியவள். இரண்டு தெரு தள்ளி, வேலைக்குப் போகும் மகளோடு இருந்தாள். கடுகை அவளுக்குப் பிடிக்காது என்றில்லை. ஆனால் தம்பி விஷயத்தில் எந்தப் பெண்ணையும் அவள் முழுசாக நம்பியிருக்கமாட்டாள்.

வீட்டுக்கு வரும்போதெல்லாம் சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து முகத்தைச் சுளிப்பாள். "காகிதத்தைப் பார்த்துச் சமைச்சா காகிதம் மாதிரிதான் இருக்கும். நாக்கு செத்துப்போனா மனுஷன் எத்தனை நாள் இருப்பான்? ஒரு கல்லு உப்புல என்னடி கொள்ளை போகுது?"

"டாக்டர் சொல்லியிருக்காங்கக்கா."

"டாக்டரா இவனைத் தூக்கி வளர்த்தான்?"

மூன்றாம் வருஷ முடிவில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவர் அக்கா வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். "சும்மா நடந்துட்டு வரேன். அங்க கொஞ்ச நேரம் டிவி பார்த்துட்டு வரேன்" என்பார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாக இறங்குவார். மாலையில் திரும்பும்போது முகத்தில் வெளிச்சம் இருக்கும். படியேறி வந்து உட்கார்ந்து, "அந்தக் காலத்துல ஒரு டிரைவர் இருந்தான் பாரு, வண்டிக்குள்ள தன் மாமியாரையும் உட்கார வச்சு எடை போட்டுட்டான்" என்று பழைய கதை சொல்வார். கடுகு சிரிப்பாள். எத்தனை நாளாயிற்று அவர் அவளுக்கு ஒரு கதை சொல்லி.

அவள் குருடி இல்லை. அவர் சட்டையில் பெருங்காயம் மணத்தது. நகக்கண்ணில் மஞ்சள் இருந்தது. இரவு வடித்த காயைப் போட்டால் மறுபேச்சு இல்லாமல் இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்தார். அவளுக்குத் தெரிந்தது. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. வாரத்தில் ஒரு வேளைதானே என்று நினைத்தாள். அதைவிட உண்மை ஒன்று இருந்தது. அந்த ஒரு மதியம் அவளுக்கும் விடுதலையாக இருந்தது. எதிரே உட்கார்ந்து வெறுப்போடு மெல்லும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டாம். தரையில் பாயைப் போட்டுப் படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வரும்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் நர்ஸ் கேட்டாள். "என்னம்மா இது, மூணு நாள்ல மூணரைக் கிலோ ஏத்திட்டு வந்திருக்கார்?"

அவர் கடுகைப் பார்த்தார். மாட்டிக்கொண்ட சின்னப் பையனின் பார்வை.

"வெயில் காலமில்லையாம்மா. தண்ணி கொஞ்சம் கூடக் குடிச்சிட்டார்" என்றாள் கடுகு.

இப்படி ஏழு திங்கட்கிழமை போனது. எட்டாவது திங்கட்கிழமை காலையில் எழுந்ததும் அவர், "கால் பஞ்சு மாதிரி இருக்கு, கடுகு" என்றார். ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து மேலே போகக் காத்திருந்தார்கள். "லிஃப்ட் வருது பாரு" என்றார். அவள் நிமிர்ந்து எண்ணைப் பார்த்துவிட்டுக் குனிந்தாள். அதற்குள் அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. லிஃப்ட் கதவு திறந்து, யாரும் ஏறாமல், மறுபடி மூடிக்கொண்டது.

டாக்டர் வெளியே வந்தபோது பத்து மணி இருக்கும். "ரத்தத்துல பொட்டாசியம் உப்பு ரொம்ப ஏறிப்போய் இருதயம் நின்னுடுச்சும்மா. நேத்து என்ன சாப்பிட்டார்?"

"வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர்" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. செத்தவரைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லையோ என்னவோ.

வீட்டில் கூட்டம் சேர்ந்தது. பெரியக்கா வந்து தம்பியின் நெஞ்சில் விழுந்தாள். எழுப்பி உட்காரவைத்தபோது அவள் கண் கூட்டத்தில் கடுகைத் தேடிப் பிடித்தது.

"வத்திப் போயிட்டானே! உப்பில்லாம போட்டுப் போட்டே என் தம்பியைக் கொன்னுட்டாளே! வாய்க்கு ருசியா ஒரு பிடி போட மனசு வரலையே பாவிக்கு!"

சிலர் தரையைப் பார்த்தார்கள். சிலர் சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்தார்கள். கடுகு கையைக் கட்டிக்கொண்டு சமையலறை நிலைப்படியில் நின்றாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் வந்து எல்லாக் காரியமும் முடித்தான். ஊருக்குத் திரும்பும் நாளில், பையை மூடிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"கொஞ்சமாவது போட்டிருக்கலாமேம்மா?"

அவள் அவன் வழியில் சாப்பிடக் கட்டிக்கொடுத்த பொட்டலத்தைப் பைக்குள் வைத்தாள். "பார்த்துப் போப்பா" என்றாள். பெரியக்கா சொன்னது தோலில் பட்டது. மகன் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மூன்று மாதம் கழித்துப் பெரியக்காவின் மகள் போன் செய்தாள். "அத்தை, அம்மாவுக்குக் காய்ச்சல். எனக்கு லீவு கிடைக்கல. கோவத்தை மனசுல வச்சுக்காம ரெண்டு நாள் வந்து பார்த்துக்கிறீங்களா?"

கடுகு போனாள். கோபம் என்று ஒன்று இருந்தால்தானே மனசில் வைப்பதற்கு. பெரியக்கா கட்டிலில் சுருண்டு கிடந்தாள். எழுபதை நெருங்கும் உடம்பு உமி மாதிரி இருந்தது. இவளைப் பார்த்ததும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். போகச் சொல்லவில்லை.

காய்ச்சல்காரிக்குப் பருப்பு ரசம் வைத்தாள். மூன்றரை வருஷத்துக்குப் பிறகு புளி கரைத்தாள். மூன்று விரலால் உப்பை அள்ளியபோது கை நின்றது. எவ்வளவு என்று தெரியவில்லை. முகர்ந்து பார்த்தாள், மூக்கு ஒன்றும் சொல்லவில்லை. பாதியைப் போட்டாள், பயந்து மறுபடி கொஞ்சம் போட்டாள், ருசி பார்த்தாள். உப்பே பழகாத நாக்குக்கு அந்தத் துளியே கரித்தது. தண்ணீர் ஊற்றினாள். பெரியக்கா ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"இதையா என் தம்பி ஊர் பூரா பீத்திக்கிட்டான்?"

கடுகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கை போய்விட்டது. அவருக்காக மறந்தது, அவருக்குப் பிறகும் திரும்பி வரவில்லை. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

மறுநாள் பெரியக்காவுக்குக் காய்ச்சல் விட்டது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே கடுகு கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த சத்தம் கேட்டுக் குரல் கொடுத்தாள்.

"எனக்கு அந்த ஜாடி உப்பைப் போடாதே. ரத்தக் கொதிப்பு இருக்குன்னு மாத்திரை சாப்பிடறேன். மேல் தட்டுல நீலப் பாக்கெட் இருக்கு பாரு, அதைப் போடு."

கடுகு முக்காலி இழுத்துப் போட்டு ஏறி அதை எடுத்தாள். பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. வாயை ரப்பர் போட்டு இறுக்கியிருந்தது.

"என்ன உப்புக்கா இது?"

"நோயாளிங்களுக்குன்னே விக்கிறது. சோடியம் இல்லாத உப்புன்னு கடைக்காரன் கொடுத்தான்." பெரியக்காவின் குரல் இறங்கியது. "உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அவன் சத்தியம் வாங்கிக்கிட்டான். இனி என்ன. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என் கையால அவனுக்குப் போட்டேன்டி. கெட்ட உப்பு ஒரு கல்லு சேர்க்கல. எல்லாத்துக்கும் இதைத்தான் போட்டேன். தக்காளி ரசம், உருளைக்கிழங்கு வறுவல், வெல்லம் போட்டுப் பாயசம். கடைசி ஞாயித்துக்கிழமை மூணு கிண்ணம் குடிச்சான். 'அக்கா, இப்பதான் மனுஷனா இருக்கேன்'னான். நீ பட்டினி போட்டே. நானாவது எட்டு வாரம் போட்டேன்."

கடுகு பாக்கெட்டைத் திருப்பினாள். பின்பக்கம் எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் கண்ணைச் சுருக்கிப் படித்தாள். பொட்டாசியம் குளோரைடு. சாப்பாட்டு முறை சொல்லிக்கொடுத்த பெண் அன்று எல்லாம் சொல்லி முடித்து, எழுந்து வந்து, வாசல்வரை பின்னாலேயே வந்து சொன்னது காதில் கேட்டது. "அம்மா, ஒண்ணு மறந்துட்டேன். கடையில சோடியம் இல்லாத உப்புன்னு விப்பாங்க. அதைக் கையாலகூடத் தொடாதீங்க. அது இவருக்கு விஷம்."

இவள் தொடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. பெரியக்காவிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. சட்டையில் பெருங்காயம் மணத்த ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து இரண்டு தெரு நடந்து, "என்னக்கா போடறீங்க?" என்று கேட்டிருந்தால் இந்தப் பாக்கெட் அன்றே கண்ணில் பட்டிருக்கும். அவள் பாய் விரித்துத் தூங்கியிருக்கிறாள்.

கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது. அணைத்தாள். கழுவுதொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு, பாக்கெட்டைக் கவிழ்த்தாள். வெள்ளையாக, சாதாரண உப்பு மாதிரியேதான் கொட்டியது. குழாய்ச் சத்தம் கேட்டுப் பெரியக்கா சுவரைப் பிடித்தபடி எழுந்து வந்துவிட்டாள்.

"என்னடி பண்றே? எதுக்குக் கொட்டுறே அதை?"

சொல்ல வேண்டியது எல்லாம் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. நான் கொல்லலைக்கா. ஒரு வரிதான். அதைச் சொன்னால் போதும், மகன் காதுக்கும் போகும், ஊர் வாயும் மூடும். நிலைப்படியில் நின்ற கிழவியைப் பார்த்தாள். அந்த எட்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தவிர அந்த உடம்பில் உயிரைப் பிடித்துவைக்க வேறு ஒன்றும் இல்லை.

"வண்டு விழுந்திருந்துச்சுக்கா."

"உப்புலயா? உப்புல வண்டு விழுந்த கதை ஊர் உலகத்துல யாராவது கேட்டிருக்காங்களா?"

"விழுந்திருந்துச்சு. இனிமே இதை வாங்காதீங்க. உங்க மாத்திரைக்கு ஒத்துக்காது. டாக்டரைக் கேட்டுட்டுச் செய்ங்க."

பெரியக்கா தொட்டியை எட்டிப் பார்த்தாள். எல்லாம் கரைந்து போயிருந்தது.

"அவனுக்கும் போடல. எனக்கும் போடவிட மாட்டே. உனக்கு என்னதான்டி வேணும்? நான் அவனுக்குப் போட்டேங்கிறதுகூட உனக்குப் பொறுக்கலையா? வெளியே போ. கஞ்சியை நானே ஊத்திக்கிறேன். போ!"

கடுகு கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி ஆறவைத்தாள். ஜாடி உப்பு போடவில்லை. அதை மூடி வைத்துவிட்டு, முக்காலியை இருந்த இடத்தில் தள்ளிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். வழியில் யாரோ "அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்கள். "தேவலை" என்றாள்.

அன்று மாலையே பெரியக்காவின் மகள் போன் செய்தாள். குரலில் சங்கடம் இருந்தது. "அத்தை, அம்மா ரொம்ப அழறாங்க. நீங்க ஏதோ வேணும்னே உப்பைக் கொட்டினீங்கன்னு எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டிருக்காங்க. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க. தப்பா நினைக்காதீங்க."

"இல்லம்மா. அவங்க மாத்திரைச் சீட்டை மட்டும் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடு. என்ன உப்பு சேர்க்கலாம்னு கேட்டுக்கோ. மறந்துடாதே."

"சரி அத்தை."

"மறந்துடாதே."

போனை வைத்தாள். போவதற்கு இருந்த ஒரே வீடும் இல்லையென்று ஆயிற்று. மகன் ஞாயிறுதோறும் கூப்பிடுகிறான். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, எங்களோடு வந்து இரேன் என்பதற்கு மேல் பேச்சு நீளவில்லை. அவன் குரலில் அந்தக் கேள்வி இன்னும் இருக்கிறது. இவள் அதற்குப் பதில் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவன் நேரே பெரியக்காவின் வாசலில் போய்த்தான் நிற்பான்.

அவள் இப்போது காலையில் ஒரு கைப்பிடி அரிசி போடுகிறாள். அதுவே இரண்டு வேளைக்கு வரும். காய் வாங்குவதில்லை. வாங்கினால் நறுக்க வேண்டும். நறுக்கிய கை தன்னாலே பெரிய பாத்திரத்தை எடுத்துத் தண்ணீர் பிடிக்கப் போகிறது. ஒரு தடவை அவரைக்காயை அப்படி ஊறப் போட்டுவிட்டு, எதற்கு என்று தெரியாமல், ஊறும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணி நேரமும் உட்கார்ந்திருந்தாள்.